செங்கல்லின் ஆயுள்

மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க என் மேசையில் ஒரு கேமராவை வைத்திருக்கிறேன். முக்கால் கிலோ கனம். மூலைகள் மழுங்காத நீள்சதுரம். கையில் எடுத்தால் உள்ளங்கையில் உறுத்தும். கேமராக்களில் மூடி மறைக்கும் பல்சக்கரங்கள் இதில் முகப்பிலேயே வெளியே தெரியும். கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து முகத்தில் ஒட்டவைத்தது போன்ற தோற்றம். பேர் ஆர்கஸ் சி3. அமெரிக்கர்கள் செல்லமாக வைத்த பேர் 'செங்கல்'. கொத்தனார் கையில் கொடுத்தால் சாந்து பூசிச் சுவரில் வைத்துவிடுவார்.

மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் 1939இல் பிறந்து 1966 வரை பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் வந்துகொண்டிருந்த கேமரா இது. 20 லட்சத்துக்கும் மேல் விற்றது என்பது சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இரண்டாம் உலகப் போரில் 83ஆம் காலாட்படைப் பிரிவில் சாதாரணச் சிப்பாயாக இருந்த டோனி வக்காரோ நார்மண்டியிலிருந்து ஜெர்மனி வரை இதைத்தான் சுமந்தார். இடிந்துகிடந்த கேமராக் கடையில் ரசாயனங்களைப் பொறுக்கி, இரவில் சிப்பாய்களின் இரும்புத் தொப்பிகளில் கரைத்து, அதிலேயே ஃபிலிம் கழுவினார். மரக்கிளையில் தொங்கவிட்டு உலர்த்தினார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த அமெரிக்கக் கேமராக்களைச் சேகரிப்பவர்களுக்கு அழகு ஒரு பொருட்டல்ல. அழகு வேண்டுமென்றால் ஜெர்மன் கேமராவைத் தேடிப்போகலாம். இவை சாமானியர் பணத்துக்காகச் செய்யப்பட்டவை; அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளுக்குத் தெரிந்த வேதியியலும் இயற்பியலும் அப்படியே தெரியும்படி செய்யப்பட்டவை. அதனால் இவற்றைக் கையில் எடுக்கும்போது மனத்தில் வரும் முதல் கேள்வியே வேறு. உடம்பு, கண்ணாடி, எண்ணெய், வெள்ளி என்று நாலு சரக்கு சேர்ந்த ஒரு பெட்டியில் எது முதலில் சாகும்?

வெந்த பிசின்

உடம்பிலிருந்து தொடங்கலாம். செங்கல்லின் உடம்பு பேக்கலைட். பழைய வீடுகளின் கருப்பு சுவிட்சு, வால்வு ரேடியோவின் குமிழ் எல்லாம் அந்த இனம்தான்; குக்கர் கைப்பிடியும் அதன் நெருங்கிய உறவு. இதைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வேதியியலாளர் லியோ பேக்லாண்ட். பணம் அவருக்குப் புகைப்படத்திலிருந்துதான் வந்தது. விளக்கு வெளிச்சத்திலேயே படம் அச்சிட உதவும் 'வீலாக்ஸ்' என்ற தாளை உருவாக்கி, 1899இல் கோடக் நிறுவனத்தின் ஜார்ஜ் ஈஸ்ட்மனுக்கு விற்றார். அந்தப் பணத்தில் நியூயார்க் அருகே வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1907இல் பேக்கலைட் பிறந்தது. புகைப்படத் தாளை விற்ற காசு, ஒரு தலைமுறை கழித்துக் கேமராவின் உடம்பாகத் திரும்பி வந்தது.

பீனால், ஃபார்மால்டிஹைடு என்ற இரண்டும் சேர்ந்து முதலில் ஒரு பிசினைத் தரும். அதைப் பொடித்து, மரத்தூள் கலந்து, எஃகு அச்சில் போட்டு, சூடும் அழுத்தமும் கொடுத்தால், தனித்தனியாகக் கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே கைகோத்துக்கொள்கின்றன. சில நிமிடங்களில் முப்பரிமாண வலை ஒன்று இறுகிவிடுகிறது. மெழுகை உருக்கலாம், உறைய வைக்கலாம், மறுபடி உருக்கலாம். சுட்ட பானையைத் திரும்பக் களிமண்ணாக்க முடியாது. பேக்கலைட் பானை வகை. சூட்டில் உருகாது, கருகத்தான் செய்யும். கீழே விழுந்தால் நெளியாது, உடையும். அமெரிக்கர்கள் விளையாட்டாக வைத்த 'செங்கல்' என்ற பேர் இந்த வேதியியலுக்கும் பொருந்திப்போகிறது.

இந்த அச்சு வேலை ஆன் ஆர்பருக்கு வந்தது வானொலி வழியாக. ஆர்கஸின் தாய் நிறுவனம் 'கடெட்' என்ற பேரில் பிளாஸ்டிக் உறை போட்ட மலிவு வானொலிகளைச் செய்துகொண்டிருந்தது. வானொலி குளிர்காலத்துச் சரக்கு. கோடையில் மக்கள் வெளியே போய்விடுவார்கள், தொழிற்சாலை ஈ ஓட்டும். கோடையில் விற்கும் பொருள் எது என்று யோசித்த அதன் தலைவர் சார்லஸ் வெர்ஷூர் கேமராவில் வந்து நின்றார். ரேடியோப் பெட்டி வார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கேமராப் பெட்டி ஒரு சிரமமா? 1936இல் 'ஆர்கஸ் ஏ' வந்தது. விலை 12.50 டாலர். 35 மி.மீ. கேமரா என்றால் பணக்காரர் பொருள் என்றிருந்த காலம் அது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1934இல், கோடக் ஒரே டாலருக்கு 'பேபி பிரௌனி' என்ற பேக்கலைட் கேமராவைக் கொண்டுவந்திருந்தது. அதை வடிவமைத்தவர் வால்டர் டோர்வின் டீக், அக்காலத் தொழில்வடிவமைப்பின் பெரிய பேர்.

பேக்கலைட் அசல்தானா என்று பார்க்கச் சேகரிப்பாளர்கள் செய்யும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரலால் சூடு ஏறும்வரை தேய்த்து உடனே முகர்ந்து பார்ப்பார்கள். ஆய்வுக்கூடத்து ஃபார்மலின் நெடி லேசாக வரும். வெயிலில் பல ஆண்டு கிடந்தால் மேல்பூச்சு மங்கிப் பழுப்பேறும், அவ்வளவுதான். எண்பது ஆண்டு ஆன பேபி பிரௌனியின் மூடி இன்றும் இடுக்கில்லாமல் பொருந்துகிறது. கீழே போடாதவரை உடம்புக்குச் சாவில்லை.

முகத்தில் இருக்கும் பல்

வெளியே தெரியும் பல்சக்கரங்கள் அலங்காரத்துக்கு இல்லை. அவை தூரம் அளக்கும் கருவியின் பாகம்.

கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடியுங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலக்கண்ணை. விரல் இடம் மாறித் தெரியும். விரலை மூக்கின் அருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். தூரத்துத் தென்னை மரமோ அசையவே அசையாது. இந்தத் தாவலை அளந்தால் தூரம் கிடைக்கும். ஆர்கஸ் சி3 செய்வது இதைத்தான். இரண்டு சிறு ஜன்னல்கள் அதன் இரண்டு கண்கள். அவை பார்க்கும் காட்சிகளை உள்ளே இரண்டு கண்ணாடிகள் ஒரே துளைக்குள் கொண்டுவந்து, மேல் பாதி ஒன்றிலிருந்தும் கீழ்ப் பாதி மற்றதிலிருந்தும் காட்டுகின்றன. விளக்குக் கம்பத்தைப் பார்த்தால் நடுவில் வெட்டி நகர்த்தி வைத்ததுபோல் இருக்கும். சக்கரத்தைத் திருப்பத் திருப்பக் கண்ணாடி ஒன்று மெல்லத் திரும்பும். கம்பம் ஒட்டிக்கொண்ட இடத்தில் நிறுத்தினால், பல்சக்கரங்கள் லென்சையும் அதே தூரத்துக்குச் சுழற்றிக் கொண்டுவந்திருக்கும்.

இதன் கணக்கு எளிது. இரு ஜன்னல்களுக்கும் இடையே 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டரில் நிற்கும் ஆளுக்கு இரண்டு பார்வைக் கோடுகளுக்கும் இடையே கோணம் 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அவர் 10 மீட்டருக்குப் போனால் 0.3 டிகிரி. 20 மீட்டரில் அதிலும் பாதி. அருகில் இருப்பதைத் துல்லியமாகவும் தொலைவில் இருப்பதைக் குத்துமதிப்பாகவும் அளக்கும் கருவி இது. குவியத் தவறினால் படத்தைக் கெடுப்பது அருகில் இருப்பதுதான் என்பதால் குறை தெரிவதில்லை.

யாராவது இந்த நடுச் சக்கரத்தைக் கழற்றித் துடைத்து, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் கதை முடிந்தது. கம்பம் ஒட்டும்; லென்ஸ் வேறு எங்கோ நிற்கும். வாங்குமுன் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தொலைவில் இருக்கும் மலை உச்சியையோ நிலாவையோ பாருங்கள். சக்கரம் முடிவிலிக் குறியில் போய் முட்டும் இடத்தில் இரண்டு பாதியும் ஒன்றாகவேண்டும். ஒன்றாகாவிட்டாலும் பதற வேண்டாம், திருப்புளி கொண்டு சரிசெய்யக்கூடிய நோய்தான்.

கண்ணாடியின் சளியும் காமாலையும்

லென்சுக்கு வருவோம். செங்கல்லின் 50 மி.மீ. லென்சுக்குள் மூன்று கண்ணாடித் துண்டுகள். மூன்று துண்டு என்றால் காற்றைத் தொடும் பரப்பு ஆறு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆறு பரப்பைக் கடந்து வரும்போது கையில் மிஞ்சுவது 78 சதவீதம். இழந்த ஒளி சும்மாவும் போவதில்லை. துண்டுகளுக்குள் எகிறி எகிறி விளையாடி, ஃபிலிமில் நிழல் விழவேண்டிய இடத்தில் சாம்பல் பூசிவிடும். போருக்கு முந்தைய படங்கள் பலவற்றில் ஒரு பால்படலம் தெரிவதற்கு இதுவும் காரணம்.

இதற்கு மருந்து தேடியவர்களில் ஒருவர் கேதரின் பிளாட்ஜெட். கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் 1938இல் அவர் கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் ஒரு மூலக்கூறு கனமே உள்ள சோப்புப் படலத்தை ஒன்றன்மேல் ஒன்றாக 44 முறை ஏற்றினார். கண்ணாடி ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி சந்தித்தால் இரண்டும் அழிந்துபோகும். அதற்குப் படலம் ஒளி அலைநீளத்தில் கால் பங்கு கனமாக இருக்கவேண்டும். ஆனால் சோப்புப் படலம் விரல் பட்டால் அழிந்துவிடும். நிலைத்தது, வெற்றிடத்தில் மக்னீசியம் ஃபுளூரைடை ஆவியாக்கிப் படியவைக்கும் முறை. அதன் கனம் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் குறுக்களவில் எழுநூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். போர்க்கால ஆயுதத் தொலைநோக்கிகளில் பழகிய இந்தப் பூச்சு, போர் முடிந்ததும் சாமானியர் கேமராவுக்கு வந்தது. லென்சைச் சாய்த்துப் பாருங்கள். மழைநீரில் சிந்திய பெட்ரோல் போல நீலமும் ஊதாவும் மின்னினால் அது பூச்சு போட்டது, பெரும்பாலும் போருக்குப் பிந்தையது.

கோடக் லென்சுகளில் ஆண்டைக் கண்டுபிடிக்க இதைவிட நேரடியான வழி உண்டு. ஜவுளிக்கடைக்காரர்கள் கொள்முதல் விலையை எழுத்துக் குறியாகச் சீட்டில் எழுதிவைப்பார்களே, அதே தந்திரம். 'கேமரோசிட்டி' என்ற பத்து எழுத்து ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்: சி, ஏ, எம், ஈ, ஆர், ஓ, எஸ், ஐ, டி, ஒய். முதல் எழுத்து 1, அடுத்தது 2, கடைசி எழுத்து 0. லென்ஸ் எண்ணுக்கு முன்னால் 'ஈ எஸ்' என்றிருந்தால் 4, 7, அதாவது 1947. 'ஆர் ஏ' என்றால் 1952. பக்கத்தில் வட்டத்துக்குள் 'எல்' இருந்தால் அந்த லென்ஸ் பூச்சு போட்டது. கடைக்காரர் என்ன கதை சொன்னாலும் இந்த இரண்டெழுத்து உண்மையைச் சொல்லிவிடும்.

கண்ணாடிக்கு வரும் நோய்களில் விசித்திரமானது ஒன்று உண்டு. போர்க்காலத்தில் கோடக், வான்வழி உளவுக் கேமராக்களுக்காக 'ஏரோ எக்டார்' என்ற லென்சைச் செய்தது. குறைந்த வெளிச்சத்தில் கூர்மையான படம் வேண்டும். அதற்கு ஒளியை நன்றாக வளைக்கிற, ஆனால் நிறங்களைச் சிதறடிக்காத கண்ணாடி வேண்டும். தோரியம் ஆக்சைடு கலந்தால் அது கிடைத்தது. தோரியம் கதிரியக்கத் தனிமம். அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு; ஏறக்குறையப் பிரபஞ்சத்தின் வயது. அன்றைய உலகச் சந்தைக்குத் தோரியம் தந்த மோனசைட் மணலுக்கு பிரேசிலும் திருவிதாங்கூர்க் கடற்கரையும்தான் பெரிய ஊற்றுகள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஒதுக்கும் அதே கருமணல்.

தோரியத்திலிருந்து புறப்படும் கதிர்கள் பல பத்தாண்டுகளாகக் கண்ணாடியை உள்ளிருந்தே குத்திக்கொண்டிருக்கின்றன. இடம்பெயர்ந்த எலெக்ட்ரான்கள் கண்ணாடியின் குறைகளில் சிக்கிக்கொண்டு நீல ஒளியை விழுங்குகின்றன. லென்ஸ் டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடுகிறது. இந்தக் காமாலைக்கு மருந்து வெயில். சில நாளோ சில வாரமோ வெயிலில் அல்லது புறஊதா விளக்கின் கீழ் வைத்தால், சிக்கிய எலெக்ட்ரான்கள் விடுபட்டு மஞ்சள் வடிந்துவிடும். அலமாரியில் வைத்திருப்பதால் பயமில்லை. உடைப்பதும் தேய்ப்பதும் கண்ணருகே வைத்துப் பூதக்கண்ணாடியாகப் பயன்படுத்துவதும்தான் கூடாது. 2004இல் அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தைப் படமெடுத்த டேவிட் பர்னெட் இந்த லென்சைத்தான் ஒரு பழைய 'ஸ்பீடு கிராஃபிக்' பத்திரிகைக் கேமராவில் பொருத்திக்கொண்டு போனார்.

நம் ஊர்க் காற்றில் லென்சுக்கு வரும் நோய் வேறு: பூஞ்சை. சிலந்தி வலைபோல் ஓரத்திலிருந்து கிளம்பும். தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று வளர்ந்து, அமிலம் கக்கும். சீக்கிரம் துடைத்தால் போய்விடும். விட்டுவைத்தால் பூச்சையும் கண்ணாடியையும் அரித்து, பூஞ்சை போனபின்னும் அதன் வரைபடம் நிலைத்துவிடும். பழைய கேமராவோடு வரும் தோல் உறை பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். உறையைத் தனியே வையுங்கள், கேமராவைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது கட்டாயம்.

எண்ணெயின் மூப்பு

"ஷட்டர் வேலை செய்யுமா?" என்று கேட்டால் விற்பவர் ஒருமுறை அமுக்கி 'க்ளிக்' என்று காட்டுவார். அதை நம்பவேண்டாம். வேகமான க்ளிக் வெறும் சுருள்வில்லின் வேலை. அது கடைசிவரை சாகாது. மெதுவான வேகங்களைக் கேளுங்கள். அப்போதுதான் தாமதிக்கவைக்கும் குட்டிப் பல்சக்கர வரிசை 'கிர்ர்ர்' என்று ஓடும். அந்தச் சத்தம் திக்கினாலோ பாதியில் நின்றாலோ குற்றவாளி எண்ணெய். ஐம்பது அறுபது ஆண்டில் மசகு எண்ணெயில் ஆவியாகக்கூடியது ஆவியாகி, மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து கோந்தாகிவிடும். அடுப்படி ஜன்னல் கம்பியில் படியும் தாளிப்புப் பிசுக்கு உருவாகும் வழியும் இதுதான்.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, இன்னும் ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவது. இலை ஷட்டரின் தகடுகள் காய்ந்த நிலையில் வழுக்கவேண்டியவை. எண்ணெய் பட்டால், ஈரக் கண்ணாடித் தட்டுகள் இரண்டு ஒட்டிக்கொள்வது போல் ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவை ஒரு சொட்டு விட்டு, கோந்தைக் கரைத்து எடுத்து, உலரவிடுவார்கள்.

வேகம் சரியா என்று பார்க்க இன்று செல்போன் போதும். ஒலிப்பதிவு செய்து அலைவடிவத்தைப் பார்த்தால், தகடு திறந்த ஓசைக்கும் மூடிய ஓசைக்கும் இடையே எத்தனை மில்லிநொடி என்று தெரிந்துவிடும். 1/100 நொடி என்று பொறித்த இடத்தில் உண்மையில் 1/60 என்று வரலாம். அதற்காகக் கேமராவை ஒதுக்கவேண்டாம். நெகட்டிவ் ஃபிலிம் தாராள மனசுக்காரன்; தேவையைப்போல் இருமடங்கு ஒளி விழுந்தாலும் முகம் சுளிக்காது. மலிவுக் கேமராக்களில் அத்தனை குடும்பப் படங்களும் தேறியதற்கு ஃபிலிமின் இந்தப் பெருந்தன்மையே காரணம்.

இருட்டில் காத்திருக்கும் வெள்ளி

சில நேரம் வாங்கிய கேமராவுக்குள் யாரோ பாதி எடுத்துவிட்டுப்போன ஃபிலிம் இருக்கும். சேகரிப்பாளருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. பின்மூடியைத் திறக்குமுன் சுற்றும் குமிழைத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் இருட்டறைக்குப் போங்கள்.

ஃபிலிமின் மேல்பரப்பில் வெள்ளி ஹாலைடுப் படிகங்கள் பரவியிருக்கின்றன. ஒளி பட்ட படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் கூடுகின்றன. அவ்வளவுதான் நடந்தது. எந்த நுண்ணோக்கியை வைத்து மேய்ந்தாலும் படம் தெரியாது. ஆனால் கழுவும் திரவத்தில் போட்டதும் அந்த நாலைந்து அணுக்கள் திறவுகோலாகி, படிகத்தில் இருக்கும் கோடிக்கணக்கான வெள்ளி அயனிகளும் வெள்ளியாக மாறிவிடுகின்றன. அதுவரை அந்தக் குடும்பச் சிரிப்பு நாலைந்து அணுக்களை நம்பித்தான் இருட்டில் காத்துக்கிடக்கிறது. வெப்பமும் விண்வெளியிலிருந்து வரும் கதிர்களும் மெல்ல மெல்லப் படிகங்களைக் குழப்பி மூட்டம் போடும். குளிர் காப்பாற்றும். 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் போய் மாண்ட ஸ்வீடன் குழுவின் ஃபிலிம் பனித்தீவில் 33 ஆண்டு கழித்துக் கிடைத்தது. 240 படங்களில் 93 தேறின.

கிடைத்த சுருள் கோடாக்குரோம் என்றால் வண்ணத்தை மறந்துவிடவேண்டும். லியோபோல்டு மேன்ஸ், லியோபோல்டு கோடோவ்ஸ்கி என்ற இரண்டு இசைக் கலைஞர்கள் உருவாக்கி 1935இல் வெளிவந்த ஃபிலிம் அது. அதன் வண்ணச் சாயங்கள் ஃபிலிமில் கிடையாது. கழுவும்போதுதான் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படும். அந்தச் சமையல் தெரிந்த கடைசிக் கூடம், கான்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்தது. 2010 டிசம்பர் 30ஆம் தேதியோடு அது கோடாக்குரோம் சுருள் வாங்குவதை நிறுத்தியது. இனி கிடைக்கும் சுருள்களிலிருந்து கருப்பு வெள்ளைதான் மீளும்.

ஒரு தண்டின் தடிமன்

இப்போது முதல் கேள்விக்கு விடை சொல்லலாம். உடம்பு, பல், கண்ணாடி, எண்ணெய் எதுவும் முதலில் சாவதில்லை. எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. முதலில் சாவது தீனி, அதாவது ஃபிலிம் சுருள்.

1901இல் கோடக் 120 என்ற சுருளைக் கொண்டுவந்தது. 1930களின் தொடக்கத்தில் 620 வந்தது. ஃபிலிம் அதே அகலம், அதே நீளம், அதே காகித முதுகு. மாறியது தண்டு மட்டும்: கொஞ்சம் ஒல்லி, ஓரத் தட்டும் சிறிது. கேமராவைச் சின்னதாக்க என்றார்கள். வாங்குபவர் கோடக் சுருளையே வாங்கவேண்டும் என்ற பலனும் கூடவே வந்தது. போர்க்காலத்து 'மெடலிஸ்ட்' போன்ற இரும்புக் குதிரைகளும், 1950களில் வீட்டுக்கு வீடு இருந்த 'பிரௌனி ஹாக்ஐ' பேக்கலைட் பெட்டிகளும் 620 தின்றே வளர்ந்தன. 1995இல் 620 நின்றது. அன்றைக்கே அத்தனை கேமராவும் பட்டினி. ஆறு ஆண்டு குறைய நூறு வயதான 120 மட்டும் நிற்கவில்லை. காரணம், உலகம் முழுதும் பலர் அதற்குக் கேமரா செய்தார்கள், பலர் ஃபிலிம் செய்தார்கள். நம் வீடுகளில் இருந்த பரோடாத் தயாரிப்பான அக்ஃபா கிளிக் 3 கூட 120 கேமராதான். இன்று மெடலிஸ்ட் வைத்திருப்பவர் இருட்டில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய 120 ஃபிலிமைப் பழைய 620 தண்டில் திருப்பிச் சுற்றிக்கொள்கிறார். அதனால் தூக்கி எறிந்திருக்கவேண்டிய காலித் தண்டுக்கும் சந்தையில் விலை உண்டு.

620க்காவது தப்பிக்க வழி இருந்தது. போலராய்டுக்கு அதுவும் இல்லை. 1948 நவம்பர் 26ஆம் தேதி பாஸ்டன் நகரக் கடை ஒன்றில் போலராய்டு 'மாடல் 95' விற்பனைக்கு வந்தது. போலராய்டு நிறுவனர் எட்வின் லாண்டின் சின்ன மகள், "இப்போ எடுத்த படத்தை ஏன் இப்போவே பார்க்க முடியாது?" என்று 1943இல் கேட்ட கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அது. விலை 89.75 டாலர். கொண்டுவந்த கேமராக்கள் அத்தனையும் முதல் நாளே தீர்ந்தன. ரசாயனப் பை, நெகட்டிவ், தாள் மூன்றும் ஒன்றாகச் சுருண்ட அந்தச் சரக்கை ஒரே நிறுவனம்தான் செய்தது, 1992இல் நிறுத்திவிட்டது. மாடல் 95இன் ஷட்டர் இன்றும் சொடுக்கும், துருத்தி விரியும். போட ஒன்றும் இல்லை.

1963இல் கோடக் 'இன்ஸ்டாமேட்டிக்' வந்தபோது ஃபிலிமை மாட்டும் தொல்லையே ஒழிந்தது. மூடிய பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே போட்டு மூடினால் போதும். 1970க்குள் 5 கோடிக்கும் மேல் விற்றன. அந்த 126 டப்பாவைக் கோடக் 1999இல் நிறுத்தியது. அதிகம் விற்ற கேமராதான் அதிகமாக அலமாரியில் முடங்கிக்கிடக்கிறது.

செங்கல்லுக்கு வாய்த்த தீனி 135. 1934இல் கோடக் கொண்டுவந்த சின்ன உலோகக் குப்பி. உள்ளே இருப்பது சினிமாவுக்காகப் பிறந்த 35 மி.மீ. துளையிட்ட ஃபிலிம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ரஷ்யாவிலும் எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். 1950களில் ஜப்பான் லென்சுகளின் அருமை கொரியப் போர்ப் படங்கள் வழியே அமெரிக்கர்களுக்குத் தெரியவந்து, ஆர்கஸ் போன்றவர்களின் பிழைப்பு சரிந்தது. ஆனால் பிழைப்பைக் கெடுத்த அந்த ஜப்பான் கேமராக்களும் 135ஐத்தான் தின்றன. அவற்றுக்காக உலகம் செய்துகொண்டே இருந்த குப்பி, செங்கல்லையும் உயிரோடு வைத்தது.

சேகரிப்புச் சந்தை இதையெல்லாம் எப்போதும் கணக்கில் எடுப்பதில்லை. கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் பத்திரிகைக் கேமராவோடு வந்த ஃபிளாஷ் கைப்பிடி, 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒளிவாளாக மாறியது. அன்றிலிருந்து கைப்பிடிக்குக் கேமராவைவிட மவுசு. 2002இல் வந்த ஹாரி பாட்டர் படத்தில் ஒரு பையன் கழுத்தில் ஆர்கஸ் சி3 தொங்கியது. அதிலிருந்து செங்கல்லுக்கு 'ஹாரி பாட்டர் கேமரா' என்று இன்னொரு பேர்.

போன வாரம் ஒரு 135 குப்பி வாங்கி வந்தேன். செங்கல்லின் முதுகைத் திறந்து, நாக்கை இழுத்துச் செருகி, மூடினேன். பேட்டரி இல்லை, ஒளிமானி இல்லை. நல்ல வெயிலில் துளையை 16இல் வைத்து, ஷட்டரை ஃபிலிம் வேகத்தின் அருகே வைத்தால் போதும். எண்காட்டியின் பக்கத்துப் பித்தானை அமுக்கிக்கொண்டு குமிழைத் திருப்பத் தொடங்கி, விரலை எடுத்து, தடுக்கும்வரை சுற்றினேன். முகப்பு நெம்புகோலைத் தனியாகக் கீழே தள்ளவேண்டும். சுற்றுவதற்கும் தள்ளுவதற்கும் இதில் தொடர்பு கிடையாது. மறந்தால் ஒரே படத்தின்மேல் இன்னொன்று விழும். ஞாபகம் வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. எதிர் வீட்டு மாடிக் கம்பியின் இரண்டு பாதியும் ஒட்டும்வரை சக்கரத்தைத் திருப்பி, அமுக்கினேன்.

இனி இது மேசையில் கிடக்கப்போவதில்லை. தாள் பறக்காமல் இருக்கப் போலராய்டு மாடல் 95 ஒன்று கிடைத்தால் தேவலை. கனத்துக்குக் குறைவில்லை.